பழைய கணினிகளுக்கான இலகுரகக் கட்டற்ற இயங்குதளங்கள்: பழுதறிதலும் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

வன்பொருள் நல்ல நிலையில் இருந்தும், இயங்குதளத்திற்கான ஆதரவு முடிந்துவிட்டதால் ஒதுக்கப்படும் கணினிகளின் எண்ணிக்கை பெருகி வருகிறது. இத்தகைய கணினிகளை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரக் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் இலகுரக லினக்ஸ் வழங்கல்கள் துணைசெய்கின்றன. எனினும், "எது மிக இலகுவானது?" என்னும் ஒற்றை வினாவைக் கொண்டு தேர்வைத் தொடங்குவது பெரும்பாலும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்கிறது. கணினி எதனால் தளர்ந்தது என்று முதலில் கண்டறிதல், வழங்கலுக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் எதுவரை கிடைக்கும் என்று அறிதல், தமிழ் எழுத்துருவும் உள்ளீடும் அதில் முழுமையாக இயங்குமா என்று சோதித்தல் ஆகிய மூன்றுமே தேர்வின் அடிப்படைகளாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், இலகுரக இயங்குதளம், லினக்ஸ் வழங்கல், 32-பிட் கணினி, பழுதறிதல், தமிழ் உள்ளீடு

முன்னுரை

கணினி இரண்டு வகைகளில் பழையதாகிறது. ஒன்று, அதன் உறுப்புகள் தேய்ந்து பழுதடைவது. மற்றொன்று, உறுப்புகள் நன்றாக இருக்கும்போதே அதன்மேல் இயங்கும் மென்பொருள் கைவிடப்படுவது. இரண்டாம் வகை முதுமை இன்று பரவலாகிவிட்டது. விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறிப்பிட்ட பட்டியலில் உள்ள நுண்செயலிகளையும் வேண்டுகிறது. இன்டெல் கோர் வரிசையைப் பொறுத்தவரை, பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே, எழுதவும் படிக்கவும் இணையத்தில் உலவவும் போதுமான ஆற்றல் கொண்ட எண்ணற்ற கணினிகள் ஒரே நாளில் 'பழையவை' ஆயின.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, மின்னணுக் கழிவு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022இல் உலகெங்கும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதற்கு ஆவணச் சான்று உள்ளது. இரண்டாவது, கல்வி சார்ந்தது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் மாதம் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, தம் குடும்பத்தின் முதல் கணினியைப் பெற்ற மாணவர்கள் மிகப் பலர். அக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவி வழங்கப்பட்டது. இன்று அவை இளைய உடன்பிறப்புகளின் கைக்கு வந்திருக்கலாம். அல்லது அலமாரியில் கிடக்கலாம். அவற்றை எடுத்துப் பயன்படுத்த முடியுமா, முடியுமெனில் எவ்வாறு என்பது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று.

1. சுமை எங்கே உள்ளது

'லினக்ஸ் இலகுவானது' என்னும் கூற்றைப் பகுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு வழங்கல் என்பது பல அடுக்குகளால் ஆனது. அடியில் இருப்பது கெர்னல். அதன்மேல் பின்னணிச் சேவைகள். அதன்மேல் சாளரங்கள், பட்டிகள், படவுருக்கள் ஆகியவற்றை வழங்கும் பணித்திரைச் சூழல். அனைத்திற்கும் மேல் பயனர் திறக்கும் செயலிகள். கெர்னல் எல்லா வழங்கல்களுக்கும் பெரும்பாலும் பொதுவானது. வேறுபாடு மிகுதியாக வெளிப்படுவது பணித்திரைச் சூழலில்தான். க்னோம் போன்ற முழுவசதிச் சூழல், எந்தச் செயலியும் திறக்கப்படாத நிலையிலேயே ஏறத்தாழ ஒரு கிகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். எக்ஸ்எப்சிஇ, எல்எக்ஸ்கியூட்டி ஆகியவை அதனினும் கணிசமாகக் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன. ஐஸ்டபிள்யூஎம், ஜேடபிள்யூஎம், ப்ளக்ஸ்பாக்ஸ் போன்ற தனிச் சாளர மேலாளர்கள் மேலும் சிக்கனமானவை.

ஆனால் இச்சிக்கனம் உலாவியைத் திறந்தவுடன் பொருளிழந்து போவதும் உண்டு. இன்றைய இணையப் பக்கங்கள் தனித்தனிச் செயல்முறைகளாக இயங்குகின்றன. சில தாவல்களைத் திறந்தாலே, பணித்திரைச் சூழலில் மிச்சப்படுத்திய நினைவகத்தைவிடப் பன்மடங்கு செலவாகிவிடும். எனவே 1 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் மிக இலகுவான வழங்கலை நிறுவி, அதில் காணொளித் தளத்தைத் திறந்து பார்த்து, 'லினக்ஸும் மெதுவாகத்தான் உள்ளது' என்று முடிவு செய்வது பொருத்தமற்றது. அங்கே தடையாக நிற்பது உலாவி, இயங்குதளம் அன்று. கணினியை எந்தப் பணிக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2. வன்பொருளை அறிதல்

தேர்வுக்கு முன் கணினியைப் பற்றி நான்கு செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

2.1 நுண்செயலியின் வகை

நுண்செயலி 32-பிட் வகையா, 64-பிட் வகையா என்பது முதல் வினா. இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கணினியில் நிறுவப்பட்டுள்ள இயங்குதளம் 32-பிட் என்பதால் நுண்செயலியும் 32-பிட் என்று கருதிவிடுகின்றனர். குறைந்த விலைக் கணினிகளுடன் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 32-பிட் வடிவில் மட்டுமே வெளியானது. ஆயினும் அது நிறுவப்பட்ட கணினிகள் பலவற்றின் நுண்செயலிகள் 64-பிட் திறன் உடையவை. பெயர் ஒற்றுமையும் குழப்பம் தருவதாகும். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'கோர் டுவோ' 32-பிட் வகை. அதே ஆண்டின் நடுப்பகுதியில் வந்த 'கோர் 2 டுவோ' 64-பிட் வகை. 2008இல் வெளிவந்து சிறு மடிக்கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட ஆட்டம் என்270 நுண்செயலியோ 32-பிட் மட்டுமே. ஏதேனும் ஒரு லினக்ஸ் வழங்கலைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, நுண்செயலி விவரப் பட்டியலில் 'எல்எம்' என்னும் குறி உள்ளதா என்று பார்த்தால் இவ்வையம் தீரும். அக்குறி இருப்பின் அது 64-பிட் திறன் கொண்டது.

64-பிட் என்பதும் எல்லா இடங்களிலும் போதுமான தகுதி அன்று. 2022இல் வெளியான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எஸ்எஸ்இ 4.2 உள்ளிட்ட கட்டளைத் தொகுதிகளைக் கொண்ட நுண்செயலியை வேண்டுகிறது. கோர் 2 டுவோ 64-பிட் வகையாயினும் அக்கட்டளைகள் அதில் இல்லை. டெபியன் குடும்பத்தின் 64-பிட் பதிப்புகள் இவ்வாறு வேண்டுவதில்லை என்பது, பழைய கணினிகளுக்கு அவை பரிந்துரைக்கப்படுவதற்கான காரணங்களுள் ஒன்று.

2.2 நினைவகம்

எவ்வளவு நினைவகம் உள்ளது என்பதோடு, எவ்வளவு வரை கூட்ட முடியும் என்பதையும் அறிய வேண்டும். மேற்சொன்ன ஆட்டம் என்270 வகைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் 2 கிகாபைட்டே உச்சவரம்பு. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளிலும் அதற்குப் பிந்தையவற்றிலும் பொதுவாக 4 கிகாபைட் வரையோ அதற்கு மேலோ கூட்ட இயலும். கணினி ஏற்குமாயின், நினைவகத்தை 2 கிகாபைட்டிலிருந்து 4 கிகாபைட்டாக உயர்த்துவது, வழங்கலை மாற்றுவதைவிடப் பெரிய பயனைத் தரும்.

2.3 வன்தட்டு

பழைய கணினியின் தளர்ச்சிக்கு மிகப் பொதுவான காரணம் சுழலும் வன்தட்டு. அது தகவலைத் தேடிப் படிக்க, தலைப்பகுதி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர வேண்டும். தட்டும் உரிய இடத்திற்குச் சுழன்று வர வேண்டும். ஒரு முறைக்கு ஏறத்தாழ பத்து மில்லிநொடி என்று கொண்டால், சிதறிக் கிடக்கும் தகவல்களை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எடுக்க இயலும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைத் தட்டில் நகரும் பகுதி இல்லாததால், அது நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கும். கணினியில் உள்ள சாட்டா இணைப்பு பழைய வேகத்தில் இயங்குவதாயினும் இவ்வேறுபாடு பெருமளவு நிலைத்திருக்கும். ஆகவே, வன்தட்டை எஸ்எஸ்டியாக மாற்றிய 4 கிகாபைட் கணினிக்கு மிகமிக இலகுவான வழங்கல் தேவையே இல்லாமல் போகலாம்.

2.4 தொடக்க முறை

கணினி பயாஸ் முறையில் தொடங்குகிறதா, யுஇஎப்ஐ முறையில் தொடங்குகிறதா என்பது நிறுவலைத் தீர்மானிக்கும். ஆட்டம் நுண்செயலி கொண்ட சில கைக்கணினிகளில் நுண்செயலி 64-பிட் வகையாக இருக்க, யுஇஎப்ஐ மட்டும் 32-பிட் வகையாக இருக்கும். இத்தகைய கணினிகளில், 32-பிட் தொடக்கக் கோப்பையும் கொண்ட நிறுவல் வட்டுப்படிமம் மட்டுமே தொடங்கும்.

3. 32-பிட் காலத்தின் முடிவு

இலகுத்தன்மையைக் காட்டிலும் இன்று முதன்மை பெறும் வினா, ஆதரவின் காலம் ஆகும். உபுண்டு தன் 32-பிட் நிறுவல் வட்டுப்படிமத்தை 17.10 பதிப்பு முதல் நிறுத்தியது. லுபுண்டு 19.04 பதிப்பு முதல் அவ்வாறே செய்தது. லினக்ஸ் மின்ட் 2020இல் வெளியிட்ட 20ஆம் பதிப்பு முதல் 64-பிட் வகைக்கு மட்டுமே வருகிறது. இவை விலகிய பின்னரும் 32-பிட் கணினிகளுக்குப் புகலிடமாக இருந்தது டெபியன். 2023 ஜூன் மாதம் வெளியான டெபியன் 12 வரை அப்புகலிடம் நீடித்தது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13இல் 32-பிட் கணினிகளுக்கான கெர்னலும் நிறுவியும் வழங்கப்படவில்லை.

டெபியனின் இம்முடிவு, அதை அடித்தளமாகக் கொண்ட பிற வழங்கல்களையும் தொடர்கிறது. லினக்ஸ் மின்ட்டின் டெபியன் பதிப்பான எல்எம்டிஇ 6, எம்எக்ஸ் லினக்ஸ் 23 ஆகியவை 32-பிட் வடிவிலும் வந்தவை. அவற்றின் அடுத்த பதிப்புகளில் அவ்வடிவம் இல்லை. உலாவிகளும் இதே திசையில் செல்கின்றன. கூகுள் குரோம் 32-பிட் லினக்ஸுக்கான ஆதரவை 2016 மார்ச் மாதத்தில் நிறுத்தியது. மொசில்லா நிறுவனம் பயர்பாக்ஸ் 144ஆம் பதிப்புடன் 32-பிட் லினக்ஸுக்கான பொது வெளியீட்டை முடித்துக்கொண்டது.

இதன் பொருள், 32-பிட் கணினி நாளையே நின்றுவிடும் என்பதன்று. டெபியன் 12இன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை திட்டமிடப்பட்டுள்ளது. ஆனால் அதற்குப் பின் அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் கடவுச்சொல்லை இடுவதும் பாதுகாப்பானவை அல்ல. 64-பிட் நுண்செயலி கொண்ட கணினியில், 'இது பழையது' என்னும் எண்ணத்தால் மட்டும் 32-பிட் வழங்கலை நிறுவுவோர், நினைவகத்தில் சிறிதளவு மிச்சம் பெற்று, பல ஆண்டுகால ஆதரவை இழக்கின்றனர். 64-பிட் திறன் இருப்பின் 64-பிட் வழங்கலையே தேர்ந்தெடுப்பது பொது நெறியாக அமைய வேண்டும்.

4. தேர்வு நெறிகள்

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில் பழைய கணினிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: 64-பிட் நுண்செயலியும் 4 கிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகமும் கொண்டவை. 2011க்குப் பிந்தைய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றை இவ்வகைக்குக் கொண்டுவந்துவிடலாம். இவற்றுக்கு எக்ஸ்எப்சிஇ சூழலுடன் கூடிய லினக்ஸ் மின்ட் 22, டெபியன் 13, எம்எக்ஸ் லினக்ஸ் ஆகியவற்றுள் ஒன்று பொருந்தும். புதிய பயனருக்கு லினக்ஸ் மின்ட் எளிது. அதன் 22ஆம் பதிப்பு வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

இரண்டாம் வகை: 64-பிட் நுண்செயலி இருந்தும் நினைவகம் 2 கிகாபைட் அளவில் நின்றுவிட்டவை. எல்எக்ஸ்கியூட்டி சூழலுடன் டெபியனோ லுபுண்டுவோ இவற்றில் இயங்கும். லுபுண்டு 24.04 பதிப்புக்கு மூன்று ஆண்டு ஆதரவே உள்ளது என்பதும், உபுண்டு குடும்பத்தில் பயர்பாக்ஸ் 'ஸ்னாப்' என்னும் பொதிவடிவில் வருவதால் சுழலும் வன்தட்டில் முதல்முறை திறக்க நேரம் எடுக்கும் என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கவை. சிஸ்டம்டி இல்லாமல் இயங்கும் ஆன்ட்டிஎக்ஸ் வழங்கல் இவ்வகைக்கு மிகவும் ஏற்றது. எனினும் அதன் பட்டிகளையும் அமைப்புகளையும் பழகிக்கொள்ளப் பயனருக்குப் பொறுமை தேவை.

மூன்றாம் வகை: 32-பிட் நுண்செயலியும் 1 கிகாபைட் அல்லது அதற்குக் குறைந்த நினைவகமும் கொண்டவை. டெபியன் 12ஐ அடித்தளமாகக் கொண்ட ஆன்ட்டிஎக்ஸ் 23இன் 32-பிட் வடிவமும், பப்பி லினக்ஸின் 32-பிட் வடிவமும் இவற்றுக்கு உள்ளன. பாரி கௌலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், தன்னை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, பயனரின் மாற்றங்களைத் தனிக் கோப்பில் சேமிக்கும் முறையில் இயங்குகிறது. வன்தட்டே இல்லாத கணினியும் இதனால் பென் டிரைவிலிருந்து உயிர்பெறும். ஆயினும் அது இயல்பாக நிர்வாகப் பயனரின் முழு உரிமையுடன் இயங்குவதால், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிக்கு ஏற்றதன்று. இவ்வகைக் கணினிகளை இணையத்திலிருந்து விலக்கி, தட்டச்சுப் பயிற்சி, மின்னூல் வாசிப்பு, இசை கேட்டல் போன்ற பணிகளுக்கு ஒதுக்குவதே தக்கது.

5. தமிழ்ப் பயன்பாடு என்னும் அளவுகோல்

இலகுரக வழங்கல்களை ஒப்பிடுவோர் நினைவக அளவையும் தொடங்கும் நேரத்தையுமே கணக்கிடுகின்றனர். தமிழ்ப் பயனருக்கு இவற்றோடு மற்றோர் அளவுகோலும் தேவை. வட்டுப்படிமத்தின் அளவைக் குறைப்பதற்காக வழங்குநர்கள் முதலில் நீக்குபவற்றுள் எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் அடங்கும்.

எழுத்துரு இல்லாதபோது தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றும். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் இது தீரும். ஆனால் எழுத்துரு இருந்தும் எழுத்துகள் பிறழ்ந்து தோன்றுவது வேறொரு சிக்கல். 'கொ' என்னும் எழுத்து ஒருங்குறியில் மெய்யும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி மெய்யின் இடப்புறமும் மறுபகுதி வலப்புறமும் அமைய வேண்டும். இவ்வமைப்பைச் செய்வது ஹார்ப்பஸ் போன்ற எழுத்தமைப்பு மென்பொருள். மிக இலகுவான செயலிகள் சில இதனைப் பயன்படுத்துவதில்லை. எக்ஸ்டெர்ம் என்னும் முனையச் செயலி இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே நிறுவும் முன்னரே 'கொக்கு', 'மௌனம்', 'ஸ்ரீ' ஆகிய சொற்களை உலாவி, உரைத்தொகுப்பி, கோப்பு மேலாளர் ஆகிய மூன்றிலும் காட்டிப் பார்த்தல் நலம்.

உள்ளீட்டிலும் இத்தகைய நுட்பம் உண்டு. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், மெய்யை அடுத்து உயிரெழுத்து விசையை அழுத்தினால் அது உயிர்மெய்யாக மாறும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்து புள்ளி பெறும். முன்பின் எழுத்துகளைப் பார்த்துச் செயல்படும் இவ்விதிகளை, ஒரு விசைக்கு ஒரு குறி என்னும் முறையில் இயங்கும் எளிய விசைப்பலகை அமைப்பு நிறைவேற்ற இயலாது. ஐபஸ் அல்லது எப்சிடெக்ஸ் என்னும் உள்ளீட்டுச் சட்டகமும், அதனுடன் எம்17என் தொகுதியும் நிறுவப்பட வேண்டும். இவை எடுத்துக்கொள்ளும் சிறிதளவு நினைவகத்தைத் தவிர்க்க முயல்வது, தமிழில் எழுதும் வசதியையே தவிர்ப்பதாக முடியும்.

பழைய கணினியில் உள்ள ஆவணங்கள் மற்றொரு சிக்கலாகும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து உருவாக்கப்பட்டவை. புதிய இயங்குதளத்தில் அவ்வெழுத்துரு இல்லையெனில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துத் தொடர்களாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதாகக் கருதி அவற்றை அழித்துவிடக் கூடாது. குறியேற்ற மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றினால் உள்ளடக்கம் முழுமையாக மீளும். வன்தட்டை அழித்து நிறுவுவதற்கு முன் இவற்றைப் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது.

6. பழுதறிதல்

நிறுவலின்போதும் அதன் பின்னும் தோன்றும் இடர்ப்பாடுகளை, அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு வரிசைப்படுத்தி ஆராய வேண்டும். மென்பொருளைக் குறைகூறும் முன் வன்பொருளைச் சோதிப்பதே முறை.

6.1 வன்தட்டு, நினைவகப் பழுதுகள்: ஸ்மார்ட் சோதனையில், படிக்க இயலாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை சுழியத்திற்கு மேல் இருப்பின் அவ்வன்தட்டில் நிறுவக் கூடாது, முதலில் தகவல்களைப் படியெடுக்க வேண்டும். நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுபோவது நினைவகப் பழுதின் அறிகுறியாகலாம். மெம்டெஸ்ட்86+ சோதனையைச் சில மணிநேரம் ஓடவிட்டால் இது தெளிவாகும்.

6.2 பென் டிரைவிலிருந்து தொடங்காமை: பதிவிறக்கிய வட்டுப்படிமத்தின் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பொருந்தினால், தொடக்க முறை அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். மிகப் பழைய பயாஸ்கள் பென் டிரைவிலிருந்து தொடங்கும் வசதியற்றவை. அவற்றுக்குக் குறுவட்டே வழி.

6.3 கருந்திரை: தொடக்கப் பட்டிக்குப் பின் திரை இருண்டு நிற்குமாயின், வரைகலை இயக்கியில் சிக்கல் இருக்கலாம். கிரப் பட்டியில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் தொடங்கலாம். இது தற்காலிக வழியே. இச்சொல் நீடித்தால் வரைகலை விரைவாக்கம் கிடைக்காது, காணொளிகள் தடுமாறும். உரிய இயக்கியை நிறுவியபின் இதனை நீக்கிவிட வேண்டும்.

6.4 வைஃபை காணப்படாமை: கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் பலவற்றுக்குத் தனி நிலைபொருள் தேவை. டெபியன் 12 முதல் இந்நிலைபொருள்கள் அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால் சிக்கல் பெருமளவு குறைந்துள்ளது. பிராட்காம் சில்லுகள் சிலவற்றில் அது இன்னும் தொடர்கிறது. கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டால், தேவையான பொதியைப் பதிவிறக்கி நிறுவலாம்.

6.5 இணையத்தளங்கள் திறவாமை: இணைய இணைப்பு இருந்தும் எல்லாத் தளங்களுக்கும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்னும் எச்சரிக்கை தோன்றினால், முதலில் கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனால், கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியுடன் தொடங்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அத்தேதியில் செல்லாதவை என்பதால் உலாவி அவற்றை மறுக்கும். சிஆர்2032 வகை மின்கலத்தை மாற்றினால் தீரும் இக்குறைக்காக, இயங்குதளத்தை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

6.6 உறைந்து நிற்றல்: கணினி திடீரென அசைவற்று நிற்க, வன்தட்டு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால், நினைவகம் நிரம்பி, தகவல்கள் வன்தட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே அலைகின்றன என்று கொள்ளலாம். சிராம் என்னும் கெர்னல் வசதி, நினைவகத்தின் ஒரு பகுதியில் தகவல்களைச் சுருக்கிச் சேமிப்பதால் இத்தகைய அலைச்சலைக் குறைக்கும். விளக்கு எரியாமல் கணினி வரவர மெதுவாகி, காற்றாடி பேரொலி எழுப்பினால், காரணம் வெப்பம். தூசியை அகற்றி, நுண்செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பக்கடத்திப் பசையைப் புதுப்பித்தல் இதற்குத் தீர்வாகும்.

7. எல்லைகள்

எல்லாக் கணினிகளையும் மீட்டெடுக்க முயல்வதும் பொருத்தமானதன்று. மேசைக்கணினியாக வந்த சில பென்டியம் 4 வகைகள், இன்றைய சிறு கணினிகளைவிடப் பன்மடங்கு மின்சாரம் எடுத்துக்கொண்டு மிகக் குறைந்த பணியையே ஆற்றுகின்றன. உப்பிய மின்கலம் கொண்ட மடிக்கணினியை இயக்குவது ஆபத்தானது. மின்கலத்தை அகற்றி முறையாக ஒப்படைத்த பின்னரே பிற பணிகளைத் தொடங்க வேண்டும். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளையே சார்ந்திருக்கும் அலுவலகத்திற்கு லினக்ஸ் மாற்றம் உடனடித் தீர்வாகாது. இத்தகைய இடங்களில் கணினியை உரிய மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே பொறுப்பான செயல்.

முடிவுரை

இலகுரக இயங்குதளத் தேர்வு என்பது வழங்கல்களின் பெயர்ப்பட்டியலில் இருந்து ஒன்றை எடுப்பதன்று. நுண்செயலியின் வகையை அறிந்து, வன்தட்டின் நலத்தைச் சோதித்து, நினைவகத்தைக் கூட்ட வாய்ப்பிருப்பின் கூட்டி, அதன் பின்னரே வழங்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 64-பிட் திறன் கொண்ட கணினிக்கு 64-பிட் வழங்கலே உரியது. 32-பிட் கணினிகளுக்கான ஆதரவு முடிவை நெருங்கிவிட்டதால், அவற்றை இணையம் சாராத பணிகளுக்குத் திட்டமிடுவது நல்லது. தமிழ் எழுத்தமைப்பும் தமிழ்99 உள்ளீடும் சரியாக இயங்காத வழங்கல், எவ்வளவு விரைவாக இயங்கினும், தமிழில் எழுதிப் படிப்பவருக்கு நிறைவான இயங்குதளம் ஆகாது.

பள்ளிகளும் கல்லூரிகளும் தம்மிடம் உள்ள பழைய கணினிகளைக் கழிக்கும் முன், ஒவ்வொன்றின் நுண்செயலி வகை, நினைவகம், வன்தட்டு நிலை ஆகிய மூன்றையும் ஒரு பட்டியலில் பதிவு செய்தாலே, அவற்றுள் எத்தனை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்பது தெரிந்துவிடும். இப்பணிக்குத் தேவையானது ஒரு பென் டிரைவும் கணினிக்குச் சில நிமிடங்களும் மட்டுமே. இலகுரக வழங்கல்களில் தமிழ் எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறைகளையும் இயல்பிருப்பாகச் சேர்ப்பதற்கான கூட்டு முயற்சியும், அவற்றின் எழுத்தமைப்புத் தரத்தை ஒப்பிட்டு அளவிடும் ஆய்வுகளும் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணிகளாகும்.